ஜவாஹிரின் கப்பல் பெயின்ற்

வீடு வாங்கிய மறுநாளே உங்கள் வாசலில் வந்து நின்று "ஏணி ஒண்டு தருவீங்களா?" என்று கேட்பவரை நீங்கள் நிச்சயம் சந்தித்திருப்பீர்கள். அவர் 'நானே அடிப்பன்' இனத்தைச் சேர்ந்தவர். மேசனைக் கூப்பிடுவார், தேத்தண்ணி கொடுப்பார், எந்தச் சுவருக்கு என்ன பெயின்ற் அடிக்க வேண்டும் என்று அரை நாள் துருவித் துருவிக் கேட்பார், எல்லாம் கேட்டு முடிந்ததும் "இவ்வளவுதானே? நானே அடிப்பன்" என்று மனிதரை வழியனுப்பி வைப்பார். கேட்ட யோசனையில் ஒன்றையாவது கடைப்பிடிப்பாரா? அந்தக் கதையே கிடையாது.

எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் இந்த இனத்துக்குப் பஞ்சமில்லை. மாதிரிக்கு ஒருவர் போதும். துறைமுகப் பண்டசாலைக் கிளாக்கர் ஜவாஹிர், மகள் ஸல்ஹாவுக்குச் சீதனமாகக் கொடுக்க ஒரு பழைய வீட்டை வாங்கினார். எங்கள் பக்கத்தில் வீடில்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் ஏது? மாப்பிள்ளையின் வாப்பா லாபிர் ஹாஜியார் கிண்ணியாவிலிருந்து வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார். பிடித்தால் நாள் குறிப்பார். பிடிக்காவிட்டால் வந்த வழியே திரும்புவார். ஸல்ஹாவுக்கோ அந்த மாப்பிள்ளையை மிகவும் பிடித்துப்போயிருந்தது. பாவம், அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

மேசன் ஸெய்னுதீன் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஈரம் ஊறின சுவர். சுரண்டிக் காய விட்டு, ரெண்டு தரம் சுண்ணாம்பு அடிச்சாக் காணும்."

"சுண்ணாம்போ? நான் கப்பல் பெயின்ற் அடிக்கப் போறன்!"

வெள்ளைக்காரன் கப்பற்படையைச் சுருட்டிக்கொண்டு போனபோது ஏலத்தில் விட்ட சாம்பல் நிறப் பெயின்ற், மூன்று தகரம், ஜவாஹிரிடம் மலிவாக வந்து சேர்ந்திருந்தது. கடல் தண்ணீருக்கே அசையாத பெயின்ற் சுவரில் நிற்காதா என்பது அவருடைய வாதம். மூன்று தகரம் நான்கு அறைக்குப் போதுமா? காணாதுதான். ஆனால் இந்த இனத்தின் அகராதியில் 'காணாது' என்ற சொல்லே இல்லை. குசினியில் மண்ணெண்ணெய் இருக்கிறதே! ஒரு போத்தல் ஊற்றினார், கலக்கினார், இன்னொரு போத்தல் ஊற்றினார், என்னிடம் இரவல் வாங்கிய ஏணியில் ஏறினார்.

"இது காயுமா, ஸல்ஹாட வாப்பா?" என்று கீழே நின்று கேட்டார் மனைவி றுக்கியா.

"ஒரு வெயில் எறிச்சாக் காணும், புள்ள."

மாதம் நவம்பர். வெயில் எறித்ததா? மழைதான் கொட்டியது. பத்து நாள் கழித்தும் சுவரில் வைத்த விரல் ஒட்டியது. வீடு முழுக்க ஒரே சாம்பல். தெருவில் போகிறவர்கள் சும்மா போனார்களா? "ஜவாஹிர் நானா, கப்பல் எப்ப புறப்படுது?" என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சாரன், பால் போன்ற வெள்ளைச் சட்டை. ஜவாஹிர் கதிரைகளையெல்லாம் அறையின் நட்டநடுவில் குவித்து வைத்து, "காத்துப் படும், இதில இருங்க" என்று கெஞ்சினார். வீடு பார்க்க வந்தவர் இருப்பாரா? கூரையின் முகட்டுவளையை அண்ணாந்து பார்த்தபடி பின்னாலே போனார், போனார், சுவரில் நன்றாகச் சாய்ந்தார்.

திரும்பி வர ஏலவில்லை. இழுத்தார். 'சர்ர்' என்று சட்டை உரிந்து வந்தது. முதுகெல்லாம் சாம்பல்.

றுக்கியா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். திரைக்குப் பின்னால் ஸல்ஹா, "எல்லாம் முடிஞ்சுது, உம்மா" என்று விம்மத் தொடங்கிவிட்டாள். ஜவாஹிருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அது ஒன்றுதான் அந்த வீட்டில் ஒட்ட வேண்டிய நேரத்தில் ஒட்டியது.

ஹாஜியார் விரலால் முதுகைத் தொட்டு மணந்து பார்த்தார்.

"கப்பல் பெயின்றோ?"

"ஓம்."

"மண்ணெண்ணெய் கலந்தீங்களோ?"

"கொஞ்சம்… ஓம்."

ஹாஜியார் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"மிச்சம் கிடக்கா, சம்மந்தி? என்ட மாட்டுக் கொட்டில் கூரைக்குக் காணும். மேசன்மாருக்குக் குடுத்துக் கட்டாது. நானே அடிப்பன்."

சம்மந்தி! திரைக்குப் பின்னால் விம்மல் அப்படியே நின்றது. அன்றைக்கே நாள் குறித்தார்கள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இவ்வளவையும் வாசித்துவிட்டு, "ரெண்டு போத்தல் கலந்தது பிழை, ஒரு போத்தல் கலந்திருந்தால் காய்ந்திருக்கும்" என்று உங்கள் மனம் மெல்லக் கணக்குப் போடுகிறதென்றால், தயவுசெய்து ஏணிக்கு என்னிடம் வராதீர்கள். அது இப்போது கிண்ணியாவில் நிற்கிறது.