போனில் மந்திரிக்கும் அக்காவுக்கு ஒரு விண்ணப்பம்

மொண்டேவிடியோ,
ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மழை.

பெருமதிப்புக்குரிய என் மூத்த சகோதரி எல்விரா அவர்களுக்குத் தம்பி வாஷிங்டன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி ஃபாபியானா, மகள் பிலார் மூவரும் நலமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அங்கே தாக்குவாரெம்போவில் நீயும் அத்தானும் பசுக்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "இவனுக்கு என்ன வந்தது" என்று கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே. 'எல்லோரும் நலம்' என்று எழுத இந்த வீட்டில் எனக்கு இப்போது அனுமதி கிடையாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ என் குரலை வைத்தே "உனக்கு யாரோ கண் வெச்சிருக்காங்கடா" என்று மந்திரித்துவிடுவாய், நானும் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். போன தடவை அப்படித்தான் ஆனது.

உனக்குத் தெரிந்தது பாதிதான். பிலார் அடிக்கடி கை கழுவுவாள் என்று தெரியும். கழுவிக் கழுவி விரல் மடிப்பெல்லாம் வெடித்துப் போனது தெரியாது. ஆரம்பத்தில் நான் அதைப் பெருமையாக அல்லவா சொல்லித் திரிந்தேன், என் மகள் மாதிரி சுத்தமான பிள்ளை இந்தத் தெருவிலேயே கிடையாது என்று! பிறகு கதவுப்பிடி ஆகாது, சில்லறை ஆகாது, பள்ளிக்கூடத்துக் குழாய் ஆகாது, கடைசியில் நானே ஆகாது. நாள் முழுக்க பஸ் ஓட்டுகிறவன், ஊரில் உள்ள இருமல் தும்மல் எல்லாம் என் சட்டையில் ஏறித்தான் வீட்டுக்கு வருகிறதாம். பதினோரு வயதுப் பிள்ளை கண்ணில் தண்ணீரோடு நின்றால் நான் என்ன செய்ய? மாடிப்படித் திருப்பத்திலேயே யூனிஃபார்மைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு உள்ளே போகப் பழகினேன். ஒருநாள் எதிர்வீட்டு ஒஃபேலியா அம்மா நாயைக் கூட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். நான் ஜட்டியோடு, கையில் ஷூ. "என்ன வாஷிங்டன், பஸ் கம்பெனியில சட்டையக்கூடப் பிடுங்கிட்டா அனுப்புறாங்க?" என்றார். நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது, அக்கா.

அது கையோடு நின்றதா? உடம்புக்குள் இறங்கியது. நெஞ்சு ஒரு துடிப்பு விட்டுத் துடிக்கிறது, நாக்கு வெளுத்திருக்கிறது, கழுத்தில் ஏதோ உருளுகிறது. குழந்தை டாக்டர் எல்லாம் பார்த்து, இதயம் கல்லு மாதிரி இருக்கிறது, இனி இதற்காக வர வேண்டாம் என்றுவிட்டார். பிலார் அதை நம்பினாள், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். அப்புறம் அந்தச் சந்தேகம் என்னிடம் வந்து சேர்ந்தது. கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி நான் காலை நீட்டுகிற நேரம் பார்த்து போன் வரும். "அப்பா, இடது கை மரத்துப் போச்சு. இதயமா இருக்குமோ?" "இல்லம்மா, ஒண்ணுமில்ல." "நிச்சயமா?" "நிச்சயமா." "என் மேல சத்தியமா?" ஒருநாள் கையில் சாண்ட்விச் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன். ஏறி உட்கார்ந்திருந்த ஜனம் சும்மா இருக்குமா? "எந்தப் பக்கமா படுத்துத் தூங்கினாள்னு கேளுங்க" என்றார் ஒருவர். "வாயுதான்ப்பா, சோம்பு போட்டுக் கொதிக்க வெச்சுக் குடு" என்றது பின் சீட்டு. முன் சீட்டு அம்மாள் மட்டும் ஒரு பெருமூச்சு விட்டு, "எங்க மச்சினருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். அத்தனை பேர் பேசியதில் பிலார் காதில் விழுந்தது அது ஒன்றுதான். அன்றைக்கு என் வண்டி தாமதம், மேலாளரிடம் வசவு.

அந்தக் கலக்கத்தில்தான் உனக்குப் போன் செய்தேன். நீ அவள் முழுப்பெயரைக் கேட்டாய். ஏதோ முணுமுணுத்தாய். கண்ணேறு கொட்டாவியாகத்தான் வெளியேறுமாமே, அங்கே நீ தாடை கழன்றுவிடும்போலக் கொட்டாவி விட்டாய், "பொல்லாத கண்ணுடா, எடுத்துட்டேன்" என்றாய், இங்கே பிள்ளை எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். நான் அசந்துபோனேன். எத்தனை ஊர் தாண்டி இருக்கிறாய் நீ! ஆனால் சாயங்காலத்துக்குள் அவளே உன் நம்பரைத் தன் போனில் போட்டுக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாது. "அத்தை, தொண்டைய எடுத்துடுங்க." "அத்தை, இப்ப வயிறு." நீயும் சளைத்தவளா? பால் கறந்துகொண்டே மந்திரித்தாய். சாவு வீட்டில் ஒதுங்கி நின்று மந்திரித்தாய். அத்தான் சொன்னார், கொட்டாவி விட்டு விட்டு நீ சாப்பிடவே நேரமில்லாமல் இளைத்துவிட்டாய் என்று.

பிறகு உளவியல் டாக்டர் இவானாவிடம் போனோம். பார்த்தால் கல்லூரிப் பெண் மாதிரி இருக்கிறாள், பேசினால் வாயடைத்துப் போகிறது. இதற்குப் பெயர் எண்ணச் சுழற்சி நோய் என்றாள். பிலார் பிடிவாதம் பிடிக்கவில்லையாம், நாங்கள் வளர்த்த கோளாறும் இல்லையாம். மூளை பொய்யாக அபாயமணி அடிக்கிறது, பிள்ளை ஓடி ஓடி அதை அணைக்கிறாள், அணைக்க அணைக்க அது இன்னும் சீக்கிரமாக அடிக்கிறது. "நீங்க சொல்ற ஒவ்வொரு 'ஒண்ணுமில்ல'யும் அந்தப் பயத்துக்குப் போடற சாப்பாடு, சார்" என்றாள். நான் எத்தனை வேளை பரிமாறியிருக்கிறேன் என்று விரல் விட்டு எண்ணப் பார்த்தேன், விரல் போதவில்லை. "வேற யாரு இப்படித் தைரியம் சொல்றாங்க?" என்று கேட்டாள். நான் உன்னைப் பற்றி மூச்சுவிடவில்லை. பிலார்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க அத்தை போன்லயே எடுத்துடுவாங்க" என்றாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. "எடுத்தா எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றாள். பிலார் யோசித்து, "அத்தை போனை வைக்கிற வரைக்கும்" என்றாள்.

கோபித்துக்கொள்ளாதே, உன் வாக்கில் குறை என்று யாரும் சொல்லவில்லை. என் வாக்கும் ஃபாபியானா வாக்கும் அதே கதிதான். இனி பிலார் 'எனக்கு ஏதாவது ஆயிடுமா' என்று கேட்டால் 'ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம்' என்றுதான் எல்லோரும் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறதா? ஃபாபியானா முதல் நாளே தேறிவிட்டாள். நான்? பிலார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் செத்துடுவேனா?" என்றாள். "இருக்கலாம்..." என்று ஆரம்பித்தேன், மீதி வரவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். "அப்பா, கை கழுவறீங்களா? நம்ம வீட்டுல அதைக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?" நெஞ்சு படபடக்க நின்ற பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

இனி நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி. போன ஞாயிறு கடற்கரைச் சாலையில் நல்ல வெயில், ஃபாபியானாவின் அண்ணன் எபெர் மச்சான் குடும்பத்தோடு உட்கார்ந்து மாத்தே டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரே குடுவை, ஒரே குழல், ஒருவர் உறிஞ்சி முடித்து அடுத்தவருக்கு. குழலைத் துடைத்தால் கொடுத்தவரை அவமதித்த மாதிரி, அது உனக்கே தெரியும். இந்த நோய் வந்ததிலிருந்து குடுவை பிலாரைத் தாண்டித்தான் போகும், அவளும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். எபெருக்கு அன்றைக்கு ஜலதோஷம், மூக்கு தக்காளி மாதிரி. அவன் குடித்து முடித்து மறுபடி வெந்நீர் ஊற்றியதும் பிலார் கையை நீட்டினாள். யாரும் சொல்லவில்லை, அக்கா. பயத்தைப் படிப்படியாகப் பழக டாக்டர் போட்டுக்கொடுத்த பட்டியலில் அதை இன்னும் ரொம்ப நாள் கழித்துத்தான் வைத்திருந்தாள். எபெர் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன், ஃபாபியானா என் காலை மிதித்தாள். "பிலார், மாமாவுக்குச் சளி பிடிச்சிருக்குடி" என்றான் அவன். "தெரியுது மாமா. நீங்க ஊத்துங்க" என்றாள்.

வாங்கினாள். குழலைத் துடைக்கவில்லை. உதட்டில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். குழல் கொரகொரவென்று சத்தம் போடும் வரை உறிஞ்சினாள், ஒரு சொட்டு மிச்சமில்லை. அப்புறம் கை கழுவ ஓடாமலிருக்க ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் வெளுத்துப்போய், கண்ணீர் வழிய, "எனக்கு நாளைக்குக் காய்ச்சல் வரும்" என்றாள். நான் சொல்லிவிட்டேன், முழுசாகச் சொன்னேன்: "வரலாம், வராமலும் இருக்கலாம்." அவள் தலையாட்டினாள். அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் சாயச் சாய அழுகை நின்று, எபெர் மகனோடு ஏதோ சண்டைகூடப் போட ஆரம்பித்தாள். பயம் போன பிறகா குடித்தாள்? இல்லையே, அத்தனை பயத்தோடும் குடித்தாள்! நான் இருபது டன் வண்டியை இந்த ஊர்ச் சந்துகளில் திருப்புகிறேன், என்னை எல்லோரும் தைரியசாலி என்கிறார்கள். என் மகள் பக்கத்தில் நிற்க எனக்குத் தகுதி உண்டா என்று அன்றைக்குத் தோன்றியது. எபெர் மூக்கைச் சிந்திக்கொண்டே அழுதான், அது சளியா அழுகையா என்று கேட்டதற்கு ரெண்டும்தான் என்றான்.

ஆகவே என் விண்ணப்பம். அடுத்த மாதம் குளிர்கால விடுமுறைக்கு அவள் தனியாக உன்னிடம் வருகிறாள், அவளே கேட்டு முடிவு செய்தது. அங்கே அவள் எதையாவது பிடித்துக்கொண்டு "அத்தை, எடுத்துடுங்க" என்றால் எடுக்காதே. ஒருதரம் 'எடுத்துட்டேன்' என்றாயானால் அவள் ஏறி வந்த படியெல்லாம் மறுபடி ஏற வேண்டும். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வா, கோழிக்குத் தீனி போடலாம்" என்று சொல். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டாதே. அவள் தூங்கும்போது ரகசியமாகவும் மந்திரிக்காதே, உன்னை எனக்குத் தெரியும். கொட்டாவி வந்தால் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டு வா. இது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பசுக்களைப் பிலார் விசாரித்ததாகச் சொல்லவும். ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரக்கூடும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
வாஷிங்டன்.

பி.கு.: அக்கா, ஃபாபியானா ரொட்டி வாங்கப் போயிருக்கா, அதனால அவசரமா எழுதறேன். மேலே எழுதினதெல்லாம் பிலாருக்கு, எனக்கில்ல. நீ ஒரே ஒரு தரம், அவளுக்குத் தெரியாம, அவ பேரைச் சொல்லி முணுமுணுத்துப் பார்த்து எனக்கு மட்டும் சொல்லு. அவ நல்லா வந்துடுவாதானே? பதிலை டிப்போ விலாசத்துக்குப் போடு. 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை போதும். 'வரலாம்'னு மட்டும் எழுதிடாதே, என்னால தாங்க முடியாது.

அத்தை, நான் பிலார். தபால்ல போடச் சொல்லி அப்பா இதை என்கிட்ட குடுத்தாங்க, நான் படிச்சுட்டேன். அப்பாவுக்குப் பதில் சொல்லிடாதீங்க. திரும்பத் திரும்பக் கேப்பாங்க, அழக்கூடச் செய்வாங்க. நீங்க பேசாம இருந்தா கொஞ்ச நேரத்துல அடங்கிடும், எனக்குத் தெரியும். கடித உறையை நாக்கால நனைச்சு நானே ஒட்டப் போறேன். அந்தப் பசையில என்ன கலந்திருக்காங்கன்னு நான் யார்கிட்டயும் கேக்கல.