சீதன வீட்டில் ஸ்பானிஷ்

அரைகுறையாகப் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் வீட்டுக்கு நல்லது. அறுபதுகளில், என் இளவட்ட வயதில், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை.)

பழைய புத்தகக் கடையில் ஒரு ஸ்பானிஷ் பாடநூல் அகப்பட்டது. கறையான் தின்று மிச்சம் வைத்தது ஒரேயொரு பாடம்: வாடகை வீட்டின் குறைகளை வீட்டுக்காரரிடம் முறையிடுவது எப்படி? ஸ்பானிஷில் எனக்கு வணக்கம் சொல்லத் தெரியாது. ஆனால் கூரை ஒழுகினால் முக்காலத்திலும் அழத் தெரியும். சமையலறையை அவர்கள் 'கொசினா' என்கிறார்கள், நாங்கள் குசினி என்கிறோம். பாதி மொழி கைக்குள் வந்துவிட்டதென்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனமே வீடுதான். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஊர் நாவற்குடாவுக்கு வந்தது பெண்ணைப் பார்க்க அல்ல, வீட்டைப் பார்க்க! சுவரில் மழைநீர் வழிந்த தடத்தின்மேல் அம்மா மாதா படத்தை மாட்டினார். எலிவளைக்கு முன்னால் நெல்மூட்டையை வைத்தார்.

வந்தவர்களோடு மாதா கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமியும் வந்தார். ஸ்பெயின்காரர், தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவார். எனக்குள் சாத்தான் புகுந்தான். அவர் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"எல் தெச்சோ கொதேயா! லா புவெர்த்தா நோ சியெர்ரா! ஐ ராத்தாஸ் என் லா கொசினா!"

அர்த்தம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாதே என்ற துணிச்சல்தான். தாய்மொழி கேட்ட சுவாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி என்ன சொல்றார், சுவாமி?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

சுவாமி பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கூரை ஒழுகுதாம். கதவு பூட்டுப்படாதாம். குசினிக்குள்ள எலியாம்."

அந்த அம்மா எழுந்துபோய் மாதா படத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஓம் சுவாமி, உண்மைதான்."

உள்ளே அக்கா விம்முவது கேட்டது. அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

"முதல்ல கூரையைத் திருத்துங்க. மறுகா நாள் வைப்பம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். அப்பா எனக்கு அடிக்கவில்லை. ஏணியைச் சாத்தி, "ஏறு மனே" என்றார். மாரி தொடங்குமுன் வெயிலில் கருகிக் கருகி ஓடு மாற்றினேன். கலியாணமும் நடந்தது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேச ஆள் வந்தால், முதல் வேலையாக என்னை மீன் வாங்க அனுப்பிவிடுவார்கள். போன மாதம் வந்தது என் சொந்த மகளுக்கான சம்பந்தம். அன்றும் அக்கா பையை என் கையில் திணித்து, வாசலில் தள்ளிவிட்டாள்.

"போகக்குள்ள கெதியாப் போ. வரக்குள்ள ஆறுதலா, மெல்ல மெல்ல வா."