பொம்மை வீட்டைக் கட்டி முடித்துவிட்டேன், அக்கா

ஆம்பூர்,
1928 செப்டம்பர் 2

மகா கனம் பொருந்திய அக்கா சவுரியம்மாள் அவர்களுக்கு, ஆம்பூர் தோல் மண்டி ரைட்டரும் தங்கள் ஒரே தம்பியுமான சாமுவேல் பணிந்து எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் பூவம்மாளும் க்ஷேமம். கோழிகளும் க்ஷேமம். வேலூரில் தாங்களும் திரேசம்மாளும் அவள் பெற்ற பச்சைக் குழந்தையும் சுகமென்றும், மாமாவின் முழங்கால் வலி கம்மியாகியிருக்கிறதென்றும் நம்புகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும், அவசரமாக எழுதுகிறேன். பொம்மை வீட்டைக் கட்டி முடித்துவிட்டேன்.

தாங்கள் இந்த வரியை இரண்டு தரம் படித்திருப்பீர்கள் என்று தெரியும். போன மாதம் தாங்கள் போட்ட கார்டில், "குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வா, ஆனால் ஏதாவது செய்து கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லாதே, உன் கல்லறைக்குக்கூட நீ மூன்று பக்கம்தான் சுவர் எழுப்புவாய்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கார்டைத் தபால்காரர் வாசித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் நானும் கோபப்படவில்லை. திரேசம்மாளுக்கு ஏழு வயதில் ஒரு பொம்மை வீடு செய்து தருகிறேன் என்று சொன்னேன். மிஷன் துரைசாணி கொடுத்த விலைப்பட்டியலில் படம் பார்த்து, தேக்குத் துண்டுகள் சேர்த்து, கம்பி ரம்பம் வாங்கி, சுவரெல்லாம் எழுப்பிவிட்டேன். அப்புறம் மழை வந்தது, அப்புறம் மண்டியில் ஏற்றுமதி ஜாஸ்தியானது, அப்புறம் திரேசம்மாளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. நடுவில், அந்த வீடு பெரிதாக இருப்பதால்தான் முடியவில்லை என்று நினைத்து, சின்னதாக இரண்டாவது ஒன்று ஆரம்பித்தேன். அதையும்விடச் சின்னதாக மூன்றாவது ஒன்று ஆரம்பித்தேன். முதல் வீட்டில் பூவம்மாள் வெங்காயம் வைத்தாள். இரண்டாவது வீட்டில் சிவப்புக் கோழி முட்டையிட்டது. மூன்றாவது வீட்டை வச்சிரம் காய்ச்சி ஒட்டியிருந்தேன், தோல் கழிவில் காய்ச்சுகிற வச்சிரம் என்பதால் தெருநாய்கள் ராத்திரி வந்து மூலைகளை நக்கி நக்கி வீட்டையே பிரித்துவிட்டன. விடிந்து பார்த்தால் நாலு சுவரும் நாலு திசையில் கிடந்தன. அன்றைக்கே ரம்பத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தாங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

எங்கள் எதிர்வீட்டில் அப்துல் ஹமீத் சாயபு என்று ஒரு தோல் வியாபாரி இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் யோசனை சொன்னால் முதலில் கூடாது என்பார். அவர் மனைவி அன்வரி பேகத்துக்கு வருஷக்கணக்காக இழுப்பு நோய். அந்த அம்மாள் சமைக்கிற அறைக்கு ஜன்னல் இல்லை, அடுப்புப் புகை அங்கேயே சுற்றும். அந்த அம்மாள் கோஷா. வெளியே வர மாட்டார்கள், நானும் பார்த்தது கிடையாது. ஆனால் அவர்கள் இருமுவதை நான் தினமும் கேட்டிருக்கிறேன். பூவம்மாளும் அவர்களும் தோஸ்த். ஜூன் மாதம் அந்த அம்மாள் அடைகாக்கிற கோழி ஒன்று வேண்டும் என்று கேட்க, பூவம்மாள் சிவப்புக் கோழியை முட்டைகளோடு, அது உட்கார்ந்திருந்த பொம்மை வீட்டோடு அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். பேகம் கோழியைப் பார்க்கவில்லையாம். வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"பூவம்மா, கோழி வூட்டுக்குக்கூட ஜன்னல் இருக்குது. எங்க புது வூட்டுக்கு இல்லியே" என்றார்களாம்.

விஷயம் என்னவென்றால், ஹமீத் சாயபு மாதனூர் ரஸ்தாவில் புது வீடு கட்ட மனை வாங்கியிருந்தார். நீலக் காகிதத்தில் பிளானும் போட்டாயிற்று. இன்னும் பன்னிரண்டு நாளில் அஸ்திவாரம். பேகம் மனையைப் போய்ப் பார்க்கவும் முடியாது, காகிதத்தில் கோடு கோடாக இருப்பது புரியவும் இல்லை. எங்கே நிற்கப் போகிறோம், எங்கே மூச்சு விடப் போகிறோம் என்று தெரியாமலே அந்த அம்மாள் ஆயுசு முழுக்க இருக்கப்போகிற வீடு அது. அதனால், "உங்க வூட்டுக்காரர் அந்தக் காகிதத்த மரத்துல செஞ்சு காட்டுவாரா" என்று பூவம்மாளிடம் கேட்டிருக்கிறார்கள். பூவம்மாள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்: "ஆரம்பிச்சுக் கொடுப்பாரு."

மறுநாள் ஹமீத் சாயபு காகிதத்தோடு என் வாசலுக்கே வந்துவிட்டார். "பொம்பளைங்க பேஜார் பண்றாங்க ரைட்டர். வெளையாட்டுக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க, பாத்துட்டுப் பேசாம இருப்பாங்க" என்றார். சரி என்று சொல்ல எனக்கு எப்போதும் ஒரு நிமிஷம் போதும் என்பது தங்களுக்குத் தெரியும். சொல்லிவிட்டேன். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் நான் பரண்மேல் ஏறி ரம்பத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில்தான் அக்கா, பதினோரு வருஷமாக எனக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்தது. தேக்கு இருந்தது, ரம்பம் இருந்தது, படம் இருந்தது. "இன்னா ஆச்சு" என்று கேட்கத்தான் இதுவரை ஆள் இல்லாமல் இருந்தது. விடியற்காலையில் எழுந்து மண்டிக்குப் போவதற்குள் ஒரு அறை செய்வேன். அடிக்கு ஒரு அங்குலம் கணக்கு. இந்தத் தடவை வச்சிரத்தைத் தொடவில்லை, எல்லாம் ஆணிதான். பூவம்மாள் அந்த அறையை முறத்தில் வைத்து, மேலே புடவையால் மூடி, எதிர்வீட்டுக்கு எடுத்துப் போவாள். சாயங்காலம் நான் வரும்போது அறையும் திரும்பி வந்திருக்கும், குறைகளும் வந்திருக்கும். முதல் நாள் செய்த முன்கூடத்தின் நடுவில் ஒரு கிணறு இருந்தது. காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். "வர்ற மெஹ்மான்கள் கிணத்துல குதிச்சுட்டு அப்புறம் உக்காருவாங்களா, கேட்டுட்டு வா" என்று பேகம் சொல்லி அனுப்பினார்களாம். பூவம்மாள் அதைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், முதுகு குலுங்கியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கிணற்றைப் பிடுங்கிக் கொல்லையில் வைத்தேன். மூன்றாம் நாள் சமையலறை போனது. "இங்கேருந்து படுக்கிற அறைக்குப் போகணும்னா ஆம்பளைங்க உக்காந்திருக்கிற கூடத்து வழியா போகணும், வேற வழி இல்லியே, சுவரேறிக் குதிக்கறதா" என்று கேள்வி வந்தது. நான் காகிதத்தை எடுத்து நேராகவே பிடித்துப் பார்த்தேன். தப்பு என்னுடையது இல்லை, பிளானிலேயே கதவு இல்லை. அக்கா, அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். பிளான் போட்ட இஞ்சினீயர் கண்ணில் படாததைக் கோழி வீடு கட்டுகிறவன் கண்டுபிடித்துவிட்டேன். அன்றைக்கு மண்டியில் ஆட்டுத்தோல் கட்டுகளை எண்ணும்போது இரண்டு தரம் தவறாக எண்ணினேன். கட்டெல்லாம் அறையாகத் தெரிந்தது.

பதினோராம் நாள் எல்லா அறைகளையும் சேர்த்து ஆணி அடித்து, ஹமீத் சாயபுவின் கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன். திரைக்குப் பின்னால் பேகமும் பூவம்மாளும். இந்தப் பக்கம் சாயபு, நான், வீட்டைக் கட்டப்போகிற சுப்பராயன் மேஸ்திரி. சமையலறைச் சுவரில் உயரத்தில் ஒரு ஜன்னல் வெட்டி, அதை அட்டை வைத்து மறைத்திருந்தேன். சாயபு அட்டையை எடுத்துப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இது கூடாது. ரோட்டுல போறவன் எல்லாம் உள்ள பாப்பான்."

அதற்கும் நான் தயாராக வந்திருந்தேன். ஆம்பூரிலேயே உயரமான ஆள் எவ்வளவு உயரமோ அந்தக் கணக்குக்கு ஒரு மர மனிதனைச் செய்து ரோட்டில் நிறுத்தி, அவன் கண்ணிலிருந்து ஒரு நூலை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துப் பிடித்தேன். நூல் எதிர்ச்சுவரின் உச்சியில் போய் முட்டியது. உள்ளே பேகத்துக்குப் பதிலாக நிறுத்தியிருந்த பொம்மையின் தலைக்குமேல் நாலு விரல் இடம் இருந்தது. சாயபு நம்பவில்லை. குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, மர மனிதனுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் பார்த்தார்.

"சரி, நடந்து போறவன் பாக்க மாட்டான். பட்டை வண்டி மேல உக்காந்து வர்றவன்?"

நான் சுருட்டுப் பெட்டி ஒன்றை வண்டியாக வைத்து, அதன்மேல் கடலை மூட்டை உயரத்துக்குப் பஞ்சு வைத்து, மர மனிதனை உச்சியில் உட்கார வைத்தேன். அப்போதும் நூல் பேகம் பொம்மையைத் தொடவில்லை. சாயபு படுத்தபடியே தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"யானை மேல வந்தான்னா?"

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "யானை மேல போறவன ஊரே பாக்கும் பாய். அவன் அத வுட்டுட்டு உங்க சமையக்கட்டயா பாத்துட்டு இருப்பான்?" என்றார். திரைக்குப் பின்னால் இரண்டு பேர் சிரித்தது கேட்டது.

சாயபுவுக்கு இன்னும் மனசு வரவில்லை. ஜன்னல் இல்லாவிட்டால்தான் என்ன கெட்டுப்போகும் என்றார். நான் ஜன்னலை மறுபடி அட்டையால் அடைத்தேன். ஒரு டப்பா மூடியில் நெருப்பும் சாம்பிராணியும் போட்டுப் பொம்மை அடுப்பில் வைத்து, வீட்டின் மேலே பேகத்தின் பெரிய பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு புகை சமையலறையை நிறைத்து, கூடத்துக்கு வந்து, முன்வாசல் வழியாக மொத்தமாக வெளியே வந்தது. முன்வாசலில்தான் சாயபுவின் முகம் இருந்தது. அக்கா, மனிதர் எழுந்து உட்கார்ந்து இருமினார், கண்ணில் தண்ணீர் ஊற்றியது, நானும் மேஸ்திரியும் முதுகைத் தடவினோம், எங்களுக்கும் இருமல் வந்துவிட்டது. எல்லாம் அடங்கிய பிறகு திரைக்குப் பின்னாலிருந்து பேகத்தின் குரல் மெதுவாக வந்தது.

"நீங்க ஒரு நிமிஷம் இருமினீங்க. நான் பதினாறு வருஷமா இருமறேன்."

நான் கையை நீட்டி அட்டையைப் பிடுங்கினேன். புகை திரும்பி, ஜன்னல் வழியாக ஒரு கயிறு மாதிரி வெளியே போக ஆரம்பித்தது. சாயபு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புகை முழுவதும் போன பிறகு, நீலக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்து மேஸ்திரியின் கையில் கொடுத்தார்.

"இத உள்ள வெச்சிரு. இனிமே அந்த மர வூடுதான் பிளான். அதுல எப்படி இருக்குதோ அப்படியே கட்டு. ஒரு அங்குலம் மாறக்கூடாது."

ஜூன் கடைசியில் அஸ்திவாரம் போட்டார்கள். பொம்மை வீடு மனையிலேயே ஒரு கீற்றுப் பந்தலில் இருக்கிறது. கொத்தனார்கள் தினமும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செங்கல் வைக்கிறார்கள். மண்டி விட்டதும் நான் அந்த வழியாக நடந்து போய் நின்று பார்த்துவிட்டு வருகிறேன், யாரோ தெரியாதவன் மாதிரி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வேலைக்கு வராததால் பேகம் திரைபோட்ட ஜட்காவில் மனைக்குப் போனார்கள். கூடப் போன பூவம்மாள் வந்து சொன்னாள். பேகம் வேறெங்கும் நிற்காமல் நேராகச் சமையலறைக்குப் போய் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றார்களாம். முகத்திரையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்களாம். "பூவம்மா, இங்க நின்னா மூச்சு வருது" என்றார்களாம். கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை, உடனே காகிதமும் மையும் எடுத்துக்கொண்டேன்.

ஆகையால் தாங்கள் அந்தக் கார்டில் எழுதிய கல்லறை வரியை வாபஸ் வாங்கி இன்னொரு கார்டு போட வேண்டும். கார்டாகவே போடுங்கள், தபால்காரரும் வாசிக்க வேண்டும். ஒன்றை முழுதாக முடித்தவனுக்கு மற்றதெல்லாம் ஒரு பொருட்டில்லை. திரேசம்மாளுக்கென்று ஆரம்பித்த முதல் வீட்டை வெங்காயத்தைக் கொட்டிவிட்டு எடுத்து வைத்திருக்கிறேன், அதை முடித்து ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவருவேன். குழந்தைக்கு என் முத்தங்கள். மாமாவுக்கு நமஸ்காரம். தங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுசும் நல்ல மூச்சும் கிடைக்க இரவும் பகலும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
சாமுவேல்

பின்குறிப்பு: அண்ணி, நான் பூவம்மாள். உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுதியிருப்பதெல்லாம் நிஜம், ஒன்று மட்டும் எழுதவில்லை. பொம்மை வீட்டுக்குக் கூரை கிடையாது. மேலேயிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும், கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவர்தான். பெரிய வீட்டுக்கும் இப்போது சுவர் முடிந்துவிட்டது, கூரை இல்லை. கூரை இல்லாத வீட்டில் நின்றால் யாருக்குத்தான் மூச்சு வராது. சுப்பராயன் மேஸ்திரி மூன்று நாளாக வந்து, "ரைட்டரய்யா, மேல எப்படி மூடறது, பாய் ஒரு அங்குலம் மாறக்கூடாதுன்னுட்டாரு" என்று வாசலில் நிற்கிறார். இவர், "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக மண்டிக்குப் போகிறார். ஐப்பசி மழைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. பாராட்டி எதுவும் எழுதிவிடாதீர்கள், அண்ணி. கூரை என்ன ஆயிற்று என்று மட்டும் தினமும் ஒரு கார்டு போடுங்கள்.