என்ஜின் இல்லாத விமானமும் என் கையெழுத்தும்

இனிமேல் இந்த வீட்டில் எவரும் விமானம் என்று வாயைத் திறக்கக் கூடாது. அப்படித்தான் சட்டம் போட்டேன். மகள் எழுந்து போய் அறைக் கதவைப் படாரென்று சாத்தினாள். என் மனைவி துணி மடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கோபம் வராதா? மகளுக்கு விமானம் செய்கிற படிப்புதான் வேண்டுமாம். உடனே ஒரு தரகன் ஏதோ தனியார் காலேஜின் பளபள புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் சொன்ன ஃபீஸுக்கு வீடு, பட்டறை, கூடவே என்னையும் விற்றால் ஒரு இறக்கையில் பாதி வரும். சரியென்று அந்தக் காலேஜுக்கே போய்ப் பார்த்தேன். வாசலில் நிஜ விமானமே நிற்கிறது! நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். திறந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். மூடியைத் தூக்கினால், உள்ளே என்ஜின் இல்லை. புறா குடும்பம் நடத்துகிறது.

"அது அழகுக்கு சார்" என்கிறான் தரகன், பல்லைக் காட்டிக்கொண்டு.

"அங்கே ஒழுங்காப் பறக்குறது அந்தப் புறா ஒண்ணுதான்! எந்தக் காலேஜும் வேணாம். தையல் கத்துக்கட்டும்!" என்று மனைவியிடம் கத்தினேன்.

"கத்தி முடிச்சாச்சா?" என்றாள் மனைவி. "போன வாரம் நானும் அவளும் விமானம் ரிப்பேர் பண்ற ஷெட்டு வாசல்ல நின்னோம். வேலை முடிஞ்சு வந்தவங்ககிட்ட எங்கே படிச்சீங்கன்னு கேட்டோம். பத்துல ஏழு பேரு கவர்மென்ட் காலேஜ். ஃபீஸ் நம்ம கைக்கு அடங்கும். மொத ரெண்டு வருஷம் மெக்கானிக்கல், அப்புறம்தான் விமானம். அந்த வேலை கிடைக்கலைன்னாலும் வேற ஃபேக்டரில எடுத்துப்பாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். அப்பா கையெழுத்து வேணும்."

"தலைகீழா நின்னாலும் போட மாட்டேன்!"

"சரி, விடுங்க." ஒரு சட்டையை மடித்தாள். "அந்தத் தரகன் காலையில வந்தான். உங்க வீட்டுக்காரர் சும்மா குரைப்பாரு, கடைசில என்கிட்டத்தான் வருவாருன்னு சிரிக்கிறான்."

"யாரு, நானா? குரைக்கிறேனா?"

"எனக்கென்ன தெரியும்? அவன் காலேஜ்ல சேர்க்கலைன்னு ஒரு கையெழுத்துப் போட்டா அவன் வாய் அடங்கும்."

"கொண்டு வாடி பேனாவை!"

காகிதம் வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். அவள் விரல் வைத்த வரியை மட்டும் படித்தேன்: 'என் மகளை வேறு எந்தக் கல்லூரியிலும் சேர்க்கவில்லை என உறுதி கூறுகிறேன்.' அப்படிப் போடு! மிச்சத்தை அவள் உள்ளங்கை மறைத்திருந்தது. காகிதம் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டேன்.

அறைக் கதவு திறந்தது. மகள் செருப்போடு வந்தாள், காகிதத்தைப் பிடுங்கினாள், பறந்துவிட்டாள்.

"எங்கேடி ஓடுறா?"

"கவர்மென்ட் காலேஜுக்கு. நீங்க உறுதி கூறினது அவங்க அப்ளிகேஷன்லதான்."

"அப்போ தரகன்?"

"அவன் வந்து மாசமாச்சு."

"குரைக்கிறேன்னு சொன்னது யாருடி?"

"நான்தான்." அடுத்த காகிதத்தை நீட்டினாள். "கோபம் ஆறுறதுக்குள்ள ஹாஸ்டலுக்கும் ஒண்ணு போட்டுடுங்க."

எந்த இடத்தில் போடணும் என்று கேட்டேன்.