டப்பிங் காத்திருந்த ஒரு சொட்டு

திண்டுக்கல் மாவட்டத்திலேயே தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரே மனிதர் டப்பிங்தான். மற்றவர்கள் எல்லோரும் நேரடியாகவே பேசினார்கள்.

ஞானஸ்நானத்தின்போது அவருக்கு வைத்த பெயரை அவருடைய மனைவி ஸ்டெல்லாவே மறந்துவிட்டிருந்தார். நாகல் நகரில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் அவர்களுக்கு ஒரு சீட் கவர் கடை இருந்தது. ஆட்டோவோ வேனோ காரோ, கிழிந்த இருக்கையோடு வந்தால் புதிய ரெக்சின் போர்த்திக்கொண்டு திரும்பும். தையல் இயந்திரத்துக்கு முன்னால் ஸ்டெல்லா உட்கார்ந்திருப்பார். தொலைக்காட்சிக்கு முன்னால் டப்பிங் உட்கார்ந்திருப்பார். தொழில் இவ்வாறு இருவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருந்தது.

அந்தத் தொலைக்காட்சியில் ஓடுவது எப்போதும் ஒரே வகை நிகழ்ச்சி. வெள்ளைக்காரர் ஒருவர் எங்கோ ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய காரைக் கண்டுபிடிப்பார். விலை பேசி, கை குலுக்கி, வாங்கி வருவார். அவருடைய கூட்டாளி அதைப் பிரித்து மேய்ந்து மறுபடி பூட்டுவார். இறுதியில் கார் புது மணப்பெண்ணைப் போல வெளியே வரும், வேறொருவருக்கு விற்கப்படும். இவ்வளவையும் சென்னையில் யாரோ ஒருவர் உணர்ச்சி பொங்கத் தமிழில் பேசியிருப்பார். அந்தத் தமிழ்தான் நம் மனிதருக்குத் தாய்மொழியாகிவிட்டது.

நான் ஆசிரியை. வீட்டில் விடைத்தாள் திருத்த உட்காரும் நாற்காலியின் மெத்தை கிழிந்தபோது முதன்முதலாக அந்தக் கடைக்குப் போனேன். நாற்காலியைக் கண்டதும் டப்பிங் எழுந்து நின்று, இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! இந்த அழகியைப் பாருங்க நண்பர்களே! காலம் இவளை ரொம்பவே காயப்படுத்தியிருக்கு. ஆனா இவளுக்குள்ள இன்னும் உயிர் இருக்கு!"

நான் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா இயந்திரத்திலிருந்து தலையைத் திருப்பாமலேயே சொன்னார்: "சாயந்தரம் வாங்க, தச்சு வச்சுர்றோம்னு சொல்றாக டீச்சர்."

அன்றிலிருந்து நான் அறிந்துகொண்டது, அந்தக் கடையில் வாடிக்கையாளருக்கும் முதலாளிக்கும் இடையில் ஸ்டெல்லா என்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வியாபாரம் நடவாது என்பதே.

நிகழ்ச்சியின் கடைசி ஐந்து நிமிடத்தில், வாங்கிய விலை, செலவு, விற்ற விலை, லாபம் என்று திரையில் கணக்கு வரும். அந்த நேரம் பார்த்து டப்பிங் டீ குடிக்கப் போய்விடுவார். ஸ்டெல்லாவோ அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பார். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேரும் சேர்ந்து முழுதாகப் பார்த்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

டப்பிங்குக்கு லாபம் தேவைப்படவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வேறொன்று. சில நாட்களில் அந்த நிகழ்ச்சியில், உரியவருக்கே தெரியாமல் காரைப் புதுப்பித்து, துணியால் மூடி, அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். துணி விலகியதும் உரியவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். அந்த அழுகையில்தான் டப்பிங் விழுந்துவிட்டார்.

"ஒரு சொட்டு, டீச்சர்," என்று என்னிடம் விரலை உயர்த்திக் காட்டுவார். "என் வேலையைப் பார்த்து இந்த ஊர்ல ஒருத்தர், ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா போதும். என் பயணம் நிறைவடையும்."

"கூலி குறைச்சுக் கேட்டா நாந்தேன் தெனமும் அழுகுறேன்," என்பார் ஸ்டெல்லா. "அது கணக்குல வராதா?"

வரவில்லை. எனவே இருக்கை தைக்க மட்டும் விடப்பட்ட வண்டிகள், உரியவரின் அனுமதியின்றி, அடியோடு புதுப்பிக்கப்படலாயின.

முதலில் அகப்பட்டது பங்குச் சாமியாரின் மொபெட். ஞாயிறு பூசை முடிந்து பங்கு மக்கள் எல்லோரும் வெளியே வரும் நேரத்தில், கோயில் முற்றத்தில் பூப்போட்ட பெட்ஷீட் மூடி நின்றது அது. டப்பிங் பெட்ஷீட்டை உருவினார். கறுப்பு வண்டி, அதன் இரு பக்கங்களிலும் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை சீறிப் பாயும் சிவப்பு மஞ்சள் தீச்சுவாலைகள்.

சாமியார் வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்பா, சீட்டுத்தானே தைக்கச் சொன்னேன். இம்புட்டு நெருப்பு எதுக்குப்பா?"

டப்பிங் ஒரு கணமும் தயங்கவில்லை. "சாமி, அது பரிசுத்த ஆவி."

சாமியார் அழவில்லை. ஆனால் பரிசுத்த ஆவி நெருப்பு நாவுகளாக இறங்கியதாக வேதமே சொல்லும்போது, அதை மறுத்துப் பேசவும் அவருடைய பதவி இடம் கொடுக்கவில்லை. அந்தத் தீயோடுதான் அவர் சாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போய்வந்தார்.

அடுத்தவர் பேகம்பூரிலிருந்து பன்னும் ரொட்டியும் கொண்டுவந்து தெருத் தெருவாக விற்கும் பாய். அவருடைய வண்டியின் ஹாரன் சளி பிடித்த கன்றுக்குட்டி கத்துவதைப் போல ஒலிக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் தெருவில் அடுப்பில் டீத்தண்ணி ஏறும். டப்பிங் அந்த ஹாரனைக் கழற்றிவிட்டு, இனிய இசை எழுப்பும் ஒன்றைப் பொருத்தி அனுப்பினார். மறுநாள் பாய் ஹாரனை அழுத்தினார். வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம் வெளியே வந்தது. எல்லோர் கையிலும் குப்பை வாளி. பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் மாநகராட்சிக் குப்பை வண்டி என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் அவசரத்தில் முருங்கைக் கீரைக் காம்பைப் பன் கூடையிலேயே கொட்டிவிட்டார்.

பாய் நேரே கடைக்கு வந்தார். "அப்பு, ஒன் கலையெல்லாம் மாஷா அல்லா. என் கன்னுக்குட்டிய எங்க வச்ச? கொண்டா."

"நண்பா, இது உங்களுக்குள்ள ஏதோ ஒரு உணர்வைத் தூண்டலையா?"

"தூண்டுது. வேணாம்னு அடக்கிக்கிட்டு நிக்கிறேன்."

இப்படியாக, திண்டுக்கல்லில் கண்கள் வறண்டே கிடந்தன. அப்போதுதான் ஒட்டன்சத்திரத்துப் பியட் கார் வந்தது.

அங்கே வெங்காய மண்டி வைத்திருந்த ஒரு பெரியவர், லாரி சீட் தைக்க வந்தவர், தொலைக்காட்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, பழைய வண்டியெல்லாம் எடுப்பீங்களா? எங்க குடோன்ல ஒரு பியட் நிக்குதுங்க. எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குது."

டப்பிங் அன்றே ஸ்டெல்லாவோடு கிளம்பினார். மண்டியில் விலை பேசிய கதையை ஸ்டெல்லா பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். பெரியவர் மாட்டுச் சந்தைப் பழக்கம் உள்ளவர். நாலு பேர் நடுவில் விலையை வாயால் சொல்லாமல், கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, எதிராளியின் விரல்களைப் பிடித்துச் சொல்வது அவர்கள் முறை. எத்தனை விரல், அத்தனை பத்தாயிரம். பெரியவர் துண்டுக்கடியில் மூன்று விரலைப் பிடித்தார். டப்பிங்குக்குத் தெரிந்ததோ தொலைக்காட்சியின் முறை. "டீல், நண்பரே!" என்று முழங்கி, பெரியவரின் ஐந்து விரல்களையும் சேர்த்து இறுகப் பற்றிக் குலுக்கிவிட்டார்.

பெரியவர் துண்டை எடுத்தார். "மூணுதானுங்க கேட்டேன். நீங்க அஞ்சு குடுக்கறீங்க. வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்காதுங்க."

"டிவில கை குடுத்தா வெல கொறையுது," என்று வீடு வரும்வரை ஸ்டெல்லா கேட்டுக்கொண்டே வந்தாராம். "ஒங்களுக்கு மட்டும் எப்படிங்க ஏறுது?"

பெரியவரைப் பற்றி அன்று அறிந்த இன்னொரு செய்தியும் உண்டு. அந்தக் குடோனில் ஓட்டல்களுக்காகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார்கள். உள்ளே கால் வைப்பவர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்குவார்கள். பெரியவர் மட்டும் நிலக்கடலைக் குவியலின் நடுவே நிற்பவரைப் போல நிற்பார். பிறந்ததிலிருந்தே மண்டியில் வளர்ந்த கண், வெங்காயத்துக்குக் கலங்காது என்று அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

பல மாதங்கள் அந்தக் கார் கடை வாசலை அடைத்து நின்றது. எஞ்சினை பைபாஸ் சாலைப் பட்டறை ஒன்றில் சரி செய்தார்கள். இருக்கைகளை ஸ்டெல்லா தைத்தார். தயிர் நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். "நம்ம டீம் அட்டகாசமா உழைக்குது," என்று டப்பிங் அறிவிப்பார். டீம், வாயில் ஊசியோடு, முறைத்துப் பார்க்கும். பழனியில் லாட்ஜ் நடத்தும் ஒருவர், வருகிறவர்கள் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ள வாசலில் நிறுத்தி வைப்பதற்கென்று அதை நல்ல விலைக்குக் கேட்டார். ஸ்டெல்லாவே தொலைபேசியில் பேசி முடித்தார். நிகழ்ச்சியின் கடைசி ஐந்து நிமிடம் முதன்முறையாக எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

"நண்பர்களே, பழனிக்குப் போற வழியில ஒட்டன்சத்திரத்துல ஒரு சின்ன நிறுத்தம்," என்றார் டப்பிங். "பெரியவர் கண் முன்னால அந்தத் துணி விலகப் போகுது!"

"வித்துட்டுக் காச வாங்குனவரு எதுக்குங்க அழுவாரு?" என்றார் ஸ்டெல்லா. "வெங்காயத்துக்கே அழுகாத மனுசன். ஒங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

செல்பேசியை ஆட்டாமல் பிடிப்பேன் என்ற நம்பிக்கையில் படமெடுக்க என்னையும் அழைத்தார்கள். எனக்கு அன்று விடுமுறை. "முழு ஆளும் தேவையில்லை, டீச்சர்," என்று வழிநெடுக டப்பிங் சொல்லிக்கொண்டே வந்தார். "அந்தக் கண்கள் மட்டும் போதும்."

குடோனுக்குள் காரை நிறுத்தி, அதே பூப்போட்ட பெட்ஷீட்டால் மூடி, பெரியவரை அழைத்தார். பெட்ஷீட் விலகியது. உரித்துக்கொண்டிருந்த பெண்கள் "அடியாத்தீ" என்றார்கள். என் கண்ணில் நீர் கொட்டியது. ஸ்டெல்லா முந்தானையால் துடைத்துக்கொண்டார். டப்பிங்கின் கன்னம் நனைந்திருந்தது. குடோனில் கண் கலங்காதவர் ஒரே ஒருவர்தான். யாருடைய கண்ணீருக்காக வந்தோமோ அவர்.

"நல்லாருக்குதுங்க," என்றார் பெரியவர்.

ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். இடதுபுறக் கதவைத் திறந்தார். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே குனிந்து பார்த்தார்.

"எல்லாத்தையும் மாத்தியிருக்கறீங்க. இந்த ரப்பர் மேட்டை ஏனுங்க மாத்தல? ஓட்டையா இருக்குதே."

டப்பிங் தலையைச் சொறிந்தார். "ஓட்டறவங்க பக்கம் தேயறது சகஜம். இந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது. ஆனா பிரேக் இருக்க வேண்டிய இடத்துலயே தேஞ்சிருக்கு. அதனால என்னால அதுமேல கை வைக்க முடியல, நண்பரே."

பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டுக்காரிங்க," என்றார். "நான் எங்க வண்டிய எடுத்தாலும் பக்கத்துல உக்காந்து அவளும் பிரேக் போட்டுட்டே வருவாளுங்க. லாரி வந்தா ஒரு மிதி. மாடு வந்தா ஒரு மிதி. ஒருதடவ பெட்ரோல் தீந்து வண்டி தானா நின்னுபோச்சுங்க. 'பாத்தீங்களா, நாந்தான் நிறுத்துனேன்'னு சொன்னா. கடைசி வரைக்கும் அதத்தான் சொல்லிட்டிருந்தா."

பெண்களில் யாரோ சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்கள். பெரியவர் கட்டை விரலால் கண்ணை அழுத்தினார். பிறகு மறு கண்ணையும்.

"வெங்காயமுங்க," என்றார். "இன்னைக்குக் காட்டம் சாஸ்தி."

நான் செல்பேசியைச் சரியாகத்தான் பிடித்திருந்தேன். திடீரென்று திரை இருண்டது. டப்பிங் தம் உள்ளங்கையால் அதை மூடியிருந்தார்.

"வேணாம் டீச்சர்," என்றார் தாழ்ந்த குரலில். பிறகு பெரியவரிடம் திரும்பி, "ஐயா, செத்த உக்காருங்க. தண்ணி கொண்டாரேன்," என்றார். அவர் வாயிலிருந்து சொந்தக் குரலில் ஒரு வாக்கியம் வந்ததை அன்றுதான் கேட்டேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

தண்ணீரைக் குடித்து முடித்த பெரியவர், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "பழனிக்குப் போகோணும்னீங்க. வெயிலுக்கு முன்ன கெளம்புங்க. என்னால லேட்டு."

டப்பிங் ஸ்டெல்லாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வசனமே இல்லை. ஸ்டெல்லா காரைப் பார்த்தார். தாம் தைத்த இருக்கைகளைப் பார்த்தார். இடதுபுறத்து ஓட்டை மேட்டைப் பார்த்தார்.

"பழனியா?" என்றார் ஸ்டெல்லா. "நாங்க எங்க பழனிக்குப் போறோம்? வண்டிய ஒங்ககிட்டக் கொண்டாந்து விட்டுட்டு அப்படியே பஸ்ஸுல ஊருக்குப் போகலாம்னுதேன் வந்தோம். அன்னைக்கு வாங்குன அஞ்சு வெரலையும் திருப்பிக் குடுங்க, போதும்."

"தச்ச கூலி, பெயிண்டு..."

"அது எங்களுக்கும் எங்க டிவிக்கும் உள்ள கணக்கு. நீங்க தலையிடாதீக."

திண்டுக்கல் பேருந்தில் மூன்று பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. பேருந்தில் படித்துக்கொண்டு வரும் பழக்கம் எனக்கு உண்டு. எனவே ஜன்னலோரத்தை நான் யாருக்கும் விட்டதில்லை. அன்று அதை டப்பிங்குக்கு விட்டேன். ஸ்டெல்லா நடுவில் உட்கார்ந்தார். பேருந்து ஊரைத் தாண்டியும் டப்பிங் வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, மொட்டைக் காடுதான். நடத்துநர் எங்கள் பக்கம் வந்தபோது நான் முந்திக்கொண்டு மூன்று டிக்கெட்டையும் எடுத்துவிட்டேன், டப்பிங் தம் நனைந்த முகத்தைத் திருப்ப வேண்டியிராதபடி.