அப்பா இறுக்கிய செயின்

பெருமாட்டியில் வொர்க்‌ஷாப் வைத்து, ஊர் வண்டிகளுக்கெல்லாம் உயிர் கொடுத்துவரும் மதிப்புக்குரிய ஈஸ்வரன் மாமா அவர்களுக்கு, சாந்தன்பாறை எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து மருமகள் மோனிஷா பணிவோடு (ஆமாம், பணிவோடுதான்) எழுதுவது.

இங்கே மூவரும் நலம். அத்தையின் நலத்தையும், அந்த ஊருக்குப் போனபின் உங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட ‘ஏனுங்க’வின் நலத்தையும் அறிய ஆவல். போனில் சொன்னால் ஆகாதா என்பீர்கள். போனில் நீங்களும் பேசுவீர்கள் மாமா. கடிதத்தில் நான் மட்டும்தான் பேசுவேன்.

அம்மாவின் முட்டி வலிக்காக நீங்கள் உங்கள் பைக்கைக் கொண்டுவந்து விட்டபோது அப்பாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டீர்கள். “மச்சான், ஓட்டுங்க, கழுவுங்க, மாலைகூடப் போடுங்க. செயின்ல மட்டும் கைய வைக்காதீங்க. வச்சீங்கன்னு தெரிஞ்சா அன்னைக்கே வண்டிய ஏத்திட்டுப் போயிருவனுங்க.” வரும் ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக்கு வருகிறீர்களாம். அதற்குள் உண்மையை நானே சொல்லிவிடுகிறேன். அப்பா கையை வைத்துவிட்டார். ஆனால் வண்டியை ஏற்ற லாரி பேசுவதற்கு முன் கடிதத்தை முழுசாகப் படியுங்கள். வண்டி போனால் அம்மா மேல் டிவிஷன் ஏலக்காட்டு வேலைக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றத்தை மறுபடியும் நொண்டிக்கொண்டு ஏற வேண்டும்.

அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபத்தாறு வருஷமாகத் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர். பெல்ட் தொய்ந்தால் ரோலர் நிற்கும், ரோலர் நின்றால் இலை புளிக்கும், இலை புளித்தால் மேனேஜர் முகம் புளிக்கும். அதனால் தொங்குகிற எதுவும் அவர் கண்ணுக்குப் பழுதுதான். எங்கள் வீட்டுத் துணிக்கொடியைச் சுண்டினால் சுருதி பிடித்துப் பாடலாம். அப்படிப்பட்டவர் வண்டி கழுவும்போது செயின் இரண்டு விரல் ஆடுவதைப் பார்த்தால் சும்மா இருப்பாரா? “இங்க பாரு ராமலட்சுமி, உன் தம்பி வேலைய! ஃபேக்டரில நான் இப்டித் தொங்கவிட்டா என்னையத் தொங்கவிட்ருவாங்க” என்று ஸ்பானரை எடுத்தார். பத்து நிமிஷத்தில் செயின் வீணைத் தந்தி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் அப்பா ஏறினார், பின்னால் அம்மா ஏறினாள், அம்மா மடியில் சாப்பாட்டுத் தூக்கு ஏறியது. வண்டி ‘ங்ஙீஈஈ’ என்று அழ ஆரம்பித்தது. லயத்து நாய்கள் ஆதரவு தெரிவித்துக் கூடவே ஓடின. “ஏங்க, நான் என்ன அம்புட்டு கனமா?” என்று அம்மா கேட்க, “புது டைட்டு, பழகிரும்” என்றார் அப்பா. நாலு நாளாகியும் பழகவில்லை. ஐந்தாம் நாள் அம்மா, “என்னையச் சொமக்க அழுகுற வண்டில எனக்கென்ன மரியாதை?” என்று இறங்கி நடந்துவிட்டாள். சாயந்திரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள் மாமா. அன்றுதான் எனக்கு விளையாட்டுப் புத்தி வேலை செய்தது.

வண்டியின் அழுகையை முன்பே போனில் பதிவு பண்ணி வைத்திருந்தேன், ரிங்டோனுக்காக. ஞாயிறு மத்தியானம் அப்பா டீ குடிக்கும்போது அதைப் போட்டு, “பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரி மிஷினாம்ப்பா. என்ன கோளாறுன்னு தெரியாம முழிக்கிறாங்களாம்” என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூன்று தடவை கேட்டார். “இது பெல்ட்டு இல்ல, செயினு. ஓவர் டைட்டு. கேளு, லோடு ஏற ஏற இன்னும் இறுகுது. இப்டியே விட்டா பேரிங் போயிரும். எந்த மடையன்டா இத இறுக்குனது?”

அந்த நேரம் பார்த்துப் பதிவில் ஒரு நாய் குரைத்தது. எங்கள் லயத்து நாய். அப்பா கண்ணைத் திறந்தார்.

“அந்த மடையன் பேரு பாண்டித்துரையாம்” என்று அடுப்படியிலிருந்து அம்மா புருஷன் பேரையே சொல்லிவிட்டாள்.

நான் வாசற்படியில் ஒரு காலை வெளியே வைத்துத் தயாராக நின்றேன். அப்பா அடிக்கவில்லை. மீதி டீயைக் குடித்து முடித்தார். “மடையன்தான்” என்றார், எழுந்து ஸ்பானரை எடுத்தார். மாமா, தன் தப்பைக் காதாலேயே கண்டுபிடித்து, தன்னையே திட்டி, திட்டியதை வாபஸ் வாங்காத ஒரு மெக்கானிக்கை உங்கள் பெருமாட்டியில் காட்டுங்கள் பார்ப்போம்!

அப்புறம் நடந்ததைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்தார். “ஆள் இல்லாம பாத்ததுதான் தப்பு. ராமலட்சுமி, ஏறு” என்றார். அம்மா ஏறினாள், பின்பக்கம் அமுங்கியது, செயின் இறுகியது. தரையில் படுத்து விரலால் தட்டிப் பார்த்தார். “எறங்கு.” இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வைத்துத் தளர்த்தினார். “ஏறு.” இப்படி ஆறு தடவை. கடைசியில் ஆள் இல்லாதபோது இரண்டு விரல் ஆட்டம், ஆள் ஏறினாலும் கொஞ்சம் மிச்சம். நீங்கள் வைத்திருந்த அதே இரண்டு விரல்தான் மாமா! “மாப்ள சொன்னது சரிதான்” என்று சொல்லவும் செய்தார். உங்களிடம் சொல்ல மாட்டார், ஸ்பானரிடம் சொன்னார்.

இப்போது வண்டி ஏற்றத்தில் சத்தமே இல்லாமல் போகிறது. அம்மா இறங்கும்போது டேங்கைத் தட்டிக்கொடுக்கிறாள். அதனால் நிபந்தனையை மறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அலைய வேண்டியதே இல்லை.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கையில் கிரீஸ் குறையாமலும் வொர்க்‌ஷாப்பில் வண்டி குறையாமலும் இருக்க வேண்டிக்கொள்கிறேன். நாளை பாலக்காடு வரும் மூன்றாம் வீட்டு சூசையப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அருமை மருமகள்,
மோனிஷா

பி.கு.: இன்று ஹர்த்தால், கடையும் இல்லை வேலையும் இல்லை, லயம் முழுக்க வீட்டில்தான். காலையில் சூசையப்பன் அண்ணன், “எங்க வண்டியும் அழுகுதுண்ணே” என்று வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வரிசை கட்டிவிட்டார்கள். அப்பா வேறு ஆளை ஏற்ற மாட்டேன் என்கிறார்; “ராமலட்சுமி லோடுதான் கரெக்டு லோடு.” இதுவரை ஒன்பது வண்டி, வண்டிக்கு ஆறு தடவை ஏற்றம் இறக்கம். அம்மா முட்டி பன் மாதிரி வீங்கிப் படுத்துவிட்டாள். அப்பா அதைத் தொட்டுப் பார்த்து, “ஓவர் டைட்டு” என்கிறார். கையில் இன்னும் ஸ்பானர் இருக்கிறது. ஞாயிறு வரை காத்திருக்காமல் உடனே புறப்படுங்கள் மாமா. வண்டி இங்கேயே இருக்கட்டும், அப்பாவை ஏற்றிக்கொண்டு போங்கள்.