நல்லெண்ணெய் குடித்த ரீல்

அன்று பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருந்தவர்கள்: கடல் அண்ணாச்சி, அவருக்குக் கீழே வேலை பார்த்த கலியன், நான், பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவர். வராதவர்: அண்ணாச்சியின் மனைவி. எங்களுக்கெல்லாம் அண்ணி. நடந்தது அத்தனைக்கும் காரணம், அங்கே இல்லாத அவர்தான்.

நெய்வேலியில் அப்போது எல்லாம் இருந்தது. நிலக்கரி, போகாத கரண்ட், நூல் பிடித்த மாதிரி ரோடு. கடல் மட்டும் இல்லை. அந்தக் குறையைத் தனி ஆளாக நின்று தீர்த்துவைத்தவர் கடல் அண்ணாச்சி. பிறந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில். வேலை, மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஃபோர்மேன். முட்டை பட்ட தோசைக்கல்லில் சுட்ட தோசையைத் தொடாத சுத்த சைவம். அந்த மனிதர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: ஆள் உயர மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்துக் கரையில் போட்டுப் பார்க்க வேண்டும்.

“சாப்பிடாத மீன் எதுக்கு அண்ணாச்சி?” என்று கேட்டால், “மலை ஏறுதவன் மலையைத் திங்கவா ஏறுதான்?” என்பார்.

நான் டைம் ஆபீஸில் புதுக் குமாஸ்தா. வளையமாதேவிக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், யார் எதை உறுதியாகச் சொன்னாலும் பாடம் என்று நம்பிவிடுவேன். அண்ணாச்சி எதையும் உறுதியாகத்தான் சொல்வார். எனவே, போனஸ் வந்த கையோடு சென்னை மூர் மார்க்கெட்டுக்கு ரீல் வாங்கக் கிளம்பியபோது துணைக்கு என்னைத்தான் கூட்டிப்போனார்.

தூண்டில் ரீல் என்றால் கைக்குள் அடங்குகிற விளையாட்டுச் சாமான் என்று நினைத்திருந்தேன். கடைக்காரர் எடுத்துவைத்தது ஒவ்வொன்றும் தேங்காய் சைஸ். கப்பலில் வந்தது, துரைமார் விட்டுப்போனது. பளபளப்பாக இருந்ததையெல்லாம் அண்ணாச்சி ஒதுக்கித் தள்ளினார். “மேக்கப்பு!” கறுத்துக் கிடந்த ஒன்றை எடுத்தார். முதலில் திருகாணிகளின் தலையைப் பார்த்தார். தலை சிதைந்திருந்தால் தெரியாத எவனோ திறந்து நோண்டியிருக்கிறான் என்று அர்த்தமாம். இடுக்குகளில் உப்புப் பூத்துப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். உருளையை அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு காதில் வைத்துக் கைப்பிடியை மெல்லச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் உள்ளே பல்சக்கரத்தில் ஒரு பல் ஊனமாம். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

கண்ணைத் திறந்தவர், தூண்டில் நரம்பின் நுனியைக் கடைக்காரர் கையில் கொடுத்தார். “ஓடும்வே.”

“இன்னா சார்?”

“பெரிய மீன் மாதிரி ஓடும். பிரேக் எப்படி விட்டுக்கொடுக்குதுன்னு பாக்கணும்.”

நல்ல தொப்பை உள்ள மனிதர். யாவாரமாயிற்றே என்று ஓடினார். அண்ணாச்சி பிரேக்கை இறுக்கினார். கடைக்காரர் பின்னுக்குச் சாய்ந்தார். தளர்த்தினார். அவர் பழைய புத்தகக் கடையைத் தாண்டிப் பறந்தார். மறுபடி இறுக்கினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்த கடைக்காரர், “குடுக்கறதக் குடுத்துட்டு இட்டுகினு போ சார்!” என்று கும்பிட்டார்.

“பாத்தியால?” என்றார் அண்ணாச்சி என்னிடம். “வெட்டு வெட்டுன்னு இழுத்தா நரம்பு அந்து போயிரும். விட்டுக்கொடுத்துக்கிட்டே களைக்க வைக்கணும். அந்த பிரேக்கு இதுல இருக்கு.”

குவார்ட்டர்ஸில் அந்த ரீலுக்குக் கிடைத்த கவனிப்பு, பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்காது. கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் குளியல். நிழலில் உலர்த்தல். பிறகு பேப்பரை விரித்துப் பிரித்துப்போட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, பல்லுக்குக் கொஞ்சம் கிரீஸ், அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பிரேக் தகடுகளுக்கு மட்டும் எண்ணெய் வாடையே ஆகாது. தொடுகிறவன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மணல் என்ற வார்த்தையையே அதன் எதிரில் சொல்லக்கூடாது. கடற்கரையிலும் கீழே வைக்கமாட்டார். அண்ணியின் பழைய பட்டுத்துணியில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். படுக்கப் போகுமுன் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, “தூங்கட்டும்” என்பார்.

இவ்வளவுக்கும் அது ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை.

ஆயுத பூஜைக்கு முன்னால் அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டார். “ஏங்க, தீபாவளிக்குள்ள இது ஒரு மீனப் புடிக்கலன்னா பேரீச்சம்பழத்துக்குப் போட்ருவேன். சத்தியமா.”

அண்ணி சொன்னால் செய்கிறவர். அண்ணாச்சியின் பழைய சைக்கிள் அப்படித்தான் பேரீச்சம்பழமானது.

ஆயுத பூஜை முடிந்த மறுநாளே சேத்தியாத்தோப்பு வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் பஸ் பிடித்தோம். சந்தனமும் குங்குமமும் வைத்தபடி ரீல் அவர் கழுத்தில் தொங்கியது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னா சார், கெணத்து ராட்டினத்த அவுத்துகினு வந்துட்டீங்க?”

உயிருள்ள மடவை மீனைக் கொக்கியில் கோத்தது கலியன். அண்ணாச்சி அந்த நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம்.

வெயில் ஏறும் வேளையில் தூண்டில் கழி ஒரு குலுக்குக் குலுங்கி வளைந்தது. ஐம்பது அடிக்கு அப்பால் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு கொடுவா மீன் எழும்பியது. என் தங்கை உயரம் இருக்கும். வலைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணாச்சி பிரேக்கை இறுக்கினார். உருளை சுற்றியது. இன்னும் இறுக்கினார். இன்னும் வேகமாகச் சுற்றியது.

“இன்னா அண்ணாச்சி, புடிக்காம சும்மா சுத்திகினு கீது?” என்று கத்தினான் கலியன்.

அண்ணாச்சி ரீலை முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது. “நல்லெண்ணெய்!”

விளங்கிவிட்டது. பூஜையன்று கிரைண்டர், தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்ட அண்ணி, பாவம், இதுவும் நல்லபடியாக மீன் பிடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு இடுக்குவழியாக ஒரு கரண்டி ஊற்றியிருக்கிறார். பிரேக் தகடுகள் எண்ணெய்க் குளியலில் இருந்தன.

அண்ணாச்சி கட்டைவிரலால் உருளையை அழுத்தினார். தோல் கிழிந்தது. நரம்பு குறைந்துகொண்டே போனது. அடியில் உருளையின் உலோகம் தெரிய ஆரம்பித்தது.

“அண்ணாச்சி, மழையில பெல்ட்டு வழுக்குனா டிரம்முல இன்னா போடுவோம்?” என்றான் கலியன். அவன் கை ஏற்கெனவே காய்ந்த மணலை அள்ளியிருந்தது.

அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய பட்டுத்துணியைப் பார்த்தார்.

“போடுல.”

கலியன் போட்டான். உராய்வு விசையைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். அதன் குரலை அன்றுதான் கேட்டேன். கறகறவென்று ரீல் அலறியது. கழி நெளிந்தது. பிரேக் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி தண்ணீருக்குள் இழுபட்டார். அவர் இடுப்பை நான் பிடித்தேன், என் இடுப்பைக் கலியன் பிடித்தான், கலியனை வலைக்காரர் பிடித்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கரையில் கிடந்தது அந்த வெள்ளி மலை.

வலைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “சாமி, அந்த ராட்டினத்தத் தொட்டுப் பாக்கலாமா?”

அண்ணாச்சி மீனைப் பார்க்கவே இல்லை. ரீலைக் காதில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பல் ஒவ்வொன்றாக உதிர்கிற சத்தம் எனக்கே கேட்டது.

பஸ்ஸில் கண்டக்டர் மீனுக்கு முழு டிக்கெட் போட்டார். வடலூரில் ஏறியவர்கள் அதற்கு வழிவிட்டு நின்றார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் பிளாக்கே திரண்டிருந்தது. அண்ணி எட்ட நின்று மூக்கைப் பொத்தியபடி பார்த்தார். கண் மட்டும் சிரித்தது.

“நாந்தான் எண்ணெய் ஊத்தி வேண்டிக்கிட்டேன். அதான் மாட்டியிருக்கு, பாத்துக்கோங்க!”

கலியன் வாயைத் திறந்தான். அண்ணாச்சி அவன் காலை மிதித்தார்.

“ஆமாட்டி. அதாம் மாட்டுச்சு” என்றார்.

மீனைப் பிளாக் பங்கு போட்டுக்கொண்டது. மறுநாள் அண்ணாச்சி பேப்பரை விரித்து ரீலைப் பிரித்தார். பல்சக்கரம் வழவழவென்று மொட்டையாக இருந்தது. மண்ணும் எண்ணெயும் குழைந்து கிடந்தன. காபி கொண்டுவந்த அண்ணி குனிந்து முகர்ந்து பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனவர், சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஒரு பண முடிச்சைக் கையில் திணித்தார். “தம்பி, அவுகளக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் போயிட்டு வாங்க.”

மூர் மார்க்கெட் கடைக்காரர் எங்களைத் தூரத்தில் கண்டதுமே ஷட்டரை இழுக்கப் பார்த்தார். கெஞ்சி நிறுத்தினோம். அதே ஜாதி ரீல் ஒன்றின் சக்கரம், புதுத் தகடுகள், போக வர பஸ், கூட வந்த கலியன் வற்புறுத்தித் தின்ற பிரியாணி, எல்லாம் சேர்த்து நூற்றெண்பத்தைந்து ரூபாய். அதில் நூற்றிருபது, அண்ணி அந்த வருஷம் எடுக்காமல் விட்ட தீபாவளிப் புடவை.